லே: வாய்க்கால் யார் கையில்?

மழை காணாத மலை நகரில் முதுகுப் பையுடன் பத்து நாள்கள்

பதினேழாவது மக்களவை கலைக்கப்பட்டு, பதினெட்டாவது மக்களவை கூடுவதற்கு இடையே, தில்லியிலுள்ள நாடாளுமன்றச் செய்தியாளர்களுக்கு அபூர்வமாகச் சில நாள்கள் ஓய்வு கிடைத்தது. அது 2024-ம் ஆண்டு ஜூன் மாதம். தலைநகரில் அனல் காற்று வீசிக் கொண்டிருந்தது. குடியிருப்புகளில் தண்ணீர் லாரி வந்தவுடன் பிளாஸ்டிக் குழாய்களும் குடங்களுமாக மக்கள் அதன் மீது ஏறுவதைத் தொலைக்காட்சிகள் நாள் முழுவதும் காட்டின.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து நண்பர் தொலைபேசியில் அழைத்தார். இதழியல் பட்டயப் படிப்பில் என்னுடன் படித்தவர். பிறகு அந்தத் தொழிலே வேண்டாம் என்று அச்சகம் தொடங்கியவர். "இருபது வருஷமாக லடாக் போகலாம் என்று சொல்லிக் கொண்டிருக்கிறோம். இப்போது போகாவிட்டால் முழங்கால் விடாதுடா" என்றார். ஆளுக்கு ஒரு முதுகுப் பை, இரண்டு கம்பளி உடைகள், ஒரு தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றுடன் புறப்பட்டோம்.

தில்லியிலிருந்து லேவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசும் என்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து திரும்பிவிடுகின்றன. விமான நிலையத்துக்குக் குஷோக் பகுலா ரிம்போச்சே என்று பெயர். புத்த மதத் துறவியான இவர் நான்காவது, ஐந்தாவது மக்களவைகளில் லடாக்கின் உறுப்பினராக இருந்தவர். மங்கோலியாவில் இந்தியத் தூதராகப் பத்தாண்டுகள் பணியாற்றியவர். நாடாளுமன்றத்தை மறந்துவிட்டு வரவேண்டும் என்று நினைத்திருந்தேன். இறங்கிய இடத்திலேயே அது எனக்கு முன்பாக வந்து நின்றது.

ஒரு நாள் அவசரம்

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குள்ள காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவுக்குக் குறைகிறது. வந்து சேர்ந்த முதல் இரண்டு நாள்கள் படுத்தே இருக்க வேண்டும். படிகூட ஏறக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாங்கள் தங்கிய புதிய விடுதியின் வரவேற்பறையிலும் அதை எழுதி வைத்திருந்தார்கள்.

முதல் நாள் படுத்திருந்தோம். இரண்டாவது நாள் காலையில் நண்பர் எழுந்து, "நமக்கு ஒன்றும் ஆகவில்லையே, கார்துங் லா போய்விட்டு வந்துவிடலாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். மலையைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவனும் நான்தான். ஆனால், எனக்கும் ஆசை இருந்தது. வாடகைக் காரில் புறப்பட்டோம்.

கார்துங் லா கணவாயின் உயரம் 5,359 மீட்டர். அதாவது 17,582 அடி. அங்கு நெடுங்காலமாக இருந்த பலகையோ 18,380 அடி என்றும், வாகனங்கள் செல்லும் உலகின் மிக உயரமான சாலை என்றும் அறிவித்தது. உலகின் மிக உயரமான சாலையும் இப்போது அதுவல்ல. எல்லைச் சாலைகள் அமைப்பு 2021-ல் நிறைவு செய்த உம்லிங் லா சாலை 19,024 அடி உயரத்தில் செல்கிறது. என்றாலும், கார்துங் லாவில் புகைப்படம் எடுத்துக் கொள்ள வரிசை நின்றது. நாங்களும் நின்றோம்.

அன்றிரவு நண்பருக்குத் தலைவலி தொடங்கியது. பிறகு வாந்தி. இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றார். அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். விரலில் கருவியை மாட்டிப் பார்த்த பணி மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வந்து எத்தனை நாள் ஆகிறது?" சொன்னோம். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. விடியும்வரை பிராணவாயு கொடுத்தார்கள். மறுநாள் நண்பகலில், இரண்டு நாள்களுக்கு அசையக் கூடாது என்ற எச்சரிக்கையுடன் அனுப்பி வைத்தார்கள்.

உயரத்துக்கு விரைந்து சென்றால் உடல் என்ன ஆகும் என்பதை உலகத்துக்கு விளக்கியதில் இந்திய ராணுவ மருத்துவர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1962-ம் ஆண்டு சீனப் போரின்போது சமவெளியிலிருந்து மலை முனைகளுக்கு அவசரமாகக் கொண்டு செல்லப்பட்ட வீரர்கள் பலர் இந்நோய்க்கு ஆளாயினர். இந்தர் சிங் தலைமையிலான குழுவினர் 1,925 வீரர்களின் நிலையை ஆராய்ந்து 1969-ல் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. போர் என்பதால் அந்த வீரர்களுக்கு அவசரம் இருந்தது. எங்களுக்கு என்ன அவசரம்?

இரண்டு கழிப்பறைகள்

நண்பருக்கு ஓய்வு தேவைப்பட்டதால், விடுதியைக் காலி செய்துவிட்டு, நகரின் மேற்பகுதியில் சங்கர் மடாலயத்துக்கு அருகே ஒரு பழைய வீட்டில் அறை எடுத்தோம். மண் செங்கல் சுவர். நெட்டிலிங்கம் போல் உயர்ந்து வளரும் பாப்லர் மரத்தில் உத்தரம். அதன் மேல் வில்லோ மரக் குச்சிகளைப் பரப்பி மண் பூசிய கூரை. அறுபது வயதைக் கடந்த வீட்டு அம்மாளை எல்லோரும் 'அமா-லே' என்று அழைத்தனர். 'லே' என்பது அவர்கள் மொழியில் மரியாதைக்காகச் சேர்க்கும் விகுதி. நாங்களும் அப்படியே அழைத்தோம். நண்பருக்கு அவர் வேளாவேளைக்குச் சூப்பும், கம்பீர் எனப்படும் கோதுமை ரொட்டியும் கொடுத்தார். கார்துங் லா போய் வந்த கதையைச் சொன்னபோது சிரித்தாரே தவிரக் கடிந்து கொள்ளவில்லை.

அந்த வீட்டில் இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்று, வழக்கமான தண்ணீர்க் கழிப்பறை. மற்றொன்று லடாக்கின் பாரம்பரியக் கழிப்பறை. அது மாடியில் உள்ள ஓர் அறை. தரையில் ஒரு துளை, மூலையில் மண் குவியல், ஒரு மண்வாரி. பயன்படுத்தியபின் மண்ணையும் சாம்பலையும் தள்ளிவிட வேண்டும். கீழ் அறையில் சேர்வது மக்கி எருவாகி, வசந்த காலத்தில் வயலுக்குப் போகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை, துர்நாற்றமும் இல்லை.

முதலாவது கழிப்பறையைக் கட்டியது விருந்தினர்களுக்காக என்றார் அமா-லே. அறை உண்டா என்று கேட்பதற்கு முன்பே அதைத்தான் கேட்கிறார்களாம். குளிர்காலத்தில் குழாய்களில் நீர் உறைந்துவிடுவதால் அதைப் பூட்டிவிட்டுக் குடும்பம் முழுவதும் மாடிக்கே போகிறது. கோடையில் வரும் எங்களைப் போன்றவர்களுக்காக அது மீண்டும் திறக்கப்படுகிறது.

லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 100 மில்லிமீட்டர்தான். வறட்சிக்குப் பெயர் பெற்ற, நண்பரின் சொந்த மாவட்டமான ராமநாதபுரத்திலேயே இதைப்போல் எட்டு மடங்கு மழை பெய்கிறது. லடாக் 1974-ம் ஆண்டில் சுற்றுலாவுக்குத் திறந்துவிடப்பட்டபோது வந்தவர்கள் 527 பேர். 2022-ல் வந்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லே நகரின் மக்கள்தொகை சுமார் 31 ஆயிரம். லடாக் முழுவதற்கும் 2 லட்சத்து 74 ஆயிரம். வீட்டுக்காரர்களைப் போல் இரு மடங்கு விருந்தினர்கள், அதுவும் பெரும்பாலும் கோடையின் சில மாதங்களுக்குள், வந்து போகிறார்கள். அவர்களுக்காக ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்படுகின்றன. நாங்கள் முதலில் தங்கிய விடுதிக்குக் காலைதோறும் தண்ணீர் லாரி வந்தது. தில்லியில் எதைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டோமோ, அதே லாரி.

நண்பர் படுக்கையிலிருந்தபடி சொன்னார்: "நான் ஒரே நாளில் ஏறியதற்கு மூச்சு வாங்கியது. இந்த ஊரையும் அப்படித்தானே ஏற்றிவிட்டிருக்கிறோம்?"

நீருக்கு ஒரு தலைவர்

ஐந்தாவது நாள் நண்பர் நடக்கலானார். அவசரமின்றி, வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலைப் பிடித்துக் கொண்டு மேல்நோக்கி நடந்தோம். பள்ளத்தாக்கின் தலைப்பில் கங்லெஸ் கிராமம். அதற்கும் மேலே, கார்துங் லாவைச் சுற்றியுள்ள பனியும் பனிப்பாறைகளும் உருகித்தான் லேவுக்கு நீர் வருகிறது. புகைப்படத்துக்காக நாங்கள் வரிசையில் நின்ற இடமே இந்த ஊரின் நீர்த் தலைமடை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

வழியில் ஒரு பெண், வாய்க்காலின் ஒரு கிளையைக் கல்லும் புல்கட்டியும் கந்தல் துணியும் வைத்து அடைத்து, மறு கிளையைத் திறந்து கொண்டிருந்தார். சில நொடிகளில் நீர் வளைந்து பார்லி வயலுக்குள் ஓடியது. நண்பர் நின்றுவிட்டார். "எங்கள் தாத்தா செய்த வேலைடா இது" என்றார்.

அவருடைய தாத்தா கண்மாய்ப் பாசனக் கிராமத்தில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். யாருடைய வயலுக்கும் அவருடைய மண்வெட்டிதான் நீரை விட வேண்டும்; நிலத்துக்குச் சொந்தக்காரர் வாய்க்காலில் கை வைக்கக் கூடாது. லடாக்கில் இப்பொறுப்பை வகிப்பவருக்குச் 'சுர்பொன்' என்று பெயர். 'சு' என்றால் நீர். 'பொன்' என்றால் தலைவர். ஊரார் அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பனி குறைந்த ஆண்டில் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் என்பதை அவர் முறை வைத்துப் பிரிக்கிறார். இரவில் உருகி வரும் நீரைச் 'சிங்' எனப்படும் சிறு குளங்களில் தேக்கிக் காலையில் திறந்துவிடுகிறார்கள்.

இந்த அறிவின் தொடர்ச்சியாகவே புதிய முயற்சிகளும் பிறந்தன. பொறியாளர் செவாங் நார்பெல் 1980-களின் இறுதியிலிருந்து, குளிர்காலத்தில் வீணாகும் நீரைக் கிராமங்களுக்கு மேலே தேக்கி உறைய வைத்துச் செயற்கைப் பனிப்பாறைகளை உருவாக்கினார். அவருக்கு 2015-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சோனம் வாங்சுக் உருவாக்கிய கூம்பு வடிவ 'பனி ஸ்தூபி'யின் நோக்கமும் அதுவே: விதைப்புக் காலமான வசந்தத்தில், இயற்கைப் பனிப்பாறை உருகத் தொடங்கும் முன் வயலுக்கு நீர் கிடைக்கச் செய்வது.

வாய்க்கால் கரையில் வெயில் காய்ந்து கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களுடன் இந்தியில் பேசினார். ஒரு காலத்தில் சுர்பொன்னாக இருந்தவராம். வாய்க்காலின் கீழ்ப்பகுதியில் வயல்கள் விடுதிகளாகிவிட்டன. மண்ணுக்கடியில் மோட்டார் போட்டவர்களுக்கு வாய்க்கால் முறை எதற்கு என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் தில்லியில் நாடாளுமன்றச் செய்திகளை எழுதுபவன் என்று நண்பர் அறிமுகம் செய்ததும், முதியவர் என் பக்கம் திரும்பி, "அங்கே எங்கள் எம்.பி.க்குப் பேச எவ்வளவு நேரம் கொடுப்பார்கள்?" என்றார்.

அவையில் கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப நேரம் ஒதுக்கப்படும். லடாக்குக்கு ஓர் உறுப்பினர். மொத்தம் 543 பேர். 2024 தேர்தலில் அங்கு வென்ற முகமது ஹனீஃபா சுயேச்சை. சில நிமிடங்கள் கிடைக்கும் என்றேன். முதியவர் தலையசைத்தார். அவருடைய வாய்க்காலில், கடைமடை வயல் சிறியது என்பதற்காக யாரும் அதன் முறையைத் தவிர்ப்பதில்லை.

ஆறாவது அட்டவணை, மூன்றாவது பத்தி

2019-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ம் தேதி, ஜம்மு-காஷ்மீரைப் பிரிக்கும் மசோதா மீதான விவாதத்தில் அன்றைய லடாக் உறுப்பினர் ஜம்யாங் செரிங் நம்கியால் ஆற்றிய உரையைச் செய்தியாளர் மாடத்திலிருந்து கேட்டவன் நான். ஆளும் தரப்பு மேசையைத் தட்டி ஆரவாரித்தது. யூனியன் பிரதேசத் தகுதி என்பது லே மக்களின் பல்லாண்டுக் கோரிக்கை. அது நிறைவேறியதை லே நகரம் கொண்டாடியது. அந்த ஆண்டு அக்டோபர் 31-ம் தேதி லடாக் தனி யூனியன் பிரதேசமானது. ஆனால், அதற்குச் சட்டப்பேரவை வழங்கப்படவில்லை. முன்பு ஜம்மு-காஷ்மீர் பேரவையில் லடாக்குக்கு இருந்த 4 இடங்களும் போயின. வெளியார் நிலம் வாங்குவதைத் தடுத்து வந்த சிறப்புப் பாதுகாப்பும் போயிற்று.

எல்லைப் பகுதி என்பதால் மத்திய அரசின் நேரடி நிர்வாகம் தேவை என்பது அரசுத் தரப்பின் வாதம். 1995-ம் ஆண்டுச் சட்டப்படி லேயிலும், பின்னர் கார்கிலிலும் அமைக்கப்பட்ட மலைப் பகுதி வளர்ச்சி மன்றங்கள் இருப்பதையும் அது சுட்டிக் காட்டுகிறது. அம்மன்றங்களுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை என்பது மக்களின் பதில். எனவேதான் அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணையில் லடாக்கைச் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். லடாக் மக்களில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பழங்குடியினர் என்று குறிப்பிட்டு, தேசியப் பழங்குடியினர் ஆணையமே 2019 செப்டம்பரில் இதைப் பரிந்துரை செய்தது.

அஸ்ஸாம், மேகாலயம், திரிபுரா, மிசோரம் ஆகிய மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளுக்கான அந்த அட்டவணையைப் பற்றி எத்தனையோ முறை செய்தி எழுதியிருக்கிறேன். அதன் மூன்றாவது பத்தி, மாவட்ட மன்றங்கள் எவை குறித்துச் சட்டம் இயற்றலாம் என்று வரிசைப்படுத்துகிறது. முதலில் நிலம், அடுத்து காடு. மூன்றாவதாக இருப்பது விவசாயத்துக்காக வாய்க்காலையோ நீரோடையையோ பயன்படுத்துவது. லேயின் வாய்க்கால் கரையில் நிற்கும்வரை அந்த வரி எனக்கு வெறும் சட்ட வாசகமாகவே இருந்தது. விடுதிகள் எத்தனை, ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை, சுர்பொன்னின் சொல்லுக்கு மதிப்பு உண்டா என்பதையெல்லாம் யார் முடிவு செய்வது என்ற கேள்வியே தில்லியில் 'அரசியல் சட்டப் பாதுகாப்பு' என்ற பெயரில் கோப்பாக இருக்கிறது.

நடந்து வந்தவர்கள்

நாங்கள் திரும்பியபோது தில்லியில் தண்ணீர்ப் பஞ்சம் முற்றியிருந்தது. ஜூன் 21-ம் தேதி அதற்காக நீர்வளத் துறை அமைச்சரே உண்ணாவிரதம் தொடங்கினார். 24-ம் தேதி புதிய மக்களவை கூடியது. நான் மாடத்துக்குத் திரும்பினேன்.

அதே ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி, லடாக்கின் கோரிக்கைகளுடன் ஒரு குழுவினர் லேயிலிருந்து தில்லிக்கு நடக்கத் தொடங்கினர். நாங்கள் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்த வழியை அவர்கள் ஒரு மாதம் நடந்தனர். 30-ம் தேதி இரவு தில்லியின் சிங்கு எல்லையில் சோனம் வாங்சுக் உள்ளிட்டோர் தடுத்து நிறுத்தப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டனர்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று கூற முடியாது. உள்துறை இணையமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு பேச்சு நடத்தியது. 2025 ஜூன் மாதத்தில் உள்ளூர் மக்களுக்கு அரசு வேலைகளில் 85 சதவீத இட ஒதுக்கீடு உள்ளிட்ட விதிமுறைகள் வெளியிடப்பட்டன. ஆனால், மாநிலத் தகுதி, ஆறாவது அட்டவணை ஆகிய இரு முதன்மைக் கோரிக்கைகளும் தீராமல் நின்றன. 2025 செப்டம்பர் 24-ம் தேதி லேயில் போராட்டம் வன்முறையாக மாறியது. பாரதிய ஜனதா அலுவலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் முன்னாள் ராணுவ வீரர். இது குறித்து ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையில் நீதி விசாரணைக்கு அக்டோபரில் மத்திய உள்துறை உத்தரவிட்டது.

செய்தி வந்த அன்றிரவு நண்பர் சென்னையிலிருந்து அழைத்தார். "அமா-லேயிடம் பேசினாயா?" என்றார். இரண்டு நாள்களுக்குப் பிறகுதான் பேச முடிந்தது. வீட்டில் அனைவரும் நலம். கடைவீதி மூடிக் கிடக்கிறது. வந்திருந்த விருந்தினர்கள் போய்விட்டனர் என்றார். பார்லி அறுவடை முடிந்துவிட்டதா என்று கேட்டேன். முடிந்தது, இந்த ஆண்டு நீர் முறை தவறாமல் வந்தது என்றார்.

நண்பரின் உடல்நிலையை விசாரித்தார். அடுத்த முறை விமானத்தில் வரவேண்டாம், சாலை வழியாக நாலைந்து நாள் எடுத்துக் கொண்டு மெதுவாக வாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.